இன்னும் இரண்டு தெறிதான் பாக்கி

மதிப்புக்குரிய பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை திருகோணமலையில், உங்கள் கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்கும் பயிற்சி அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளை என் மகன்தான் எழுத்துக்கூட்டி வாசித்தான். "மறு அறிவித்தல் வரை பயிற்சி இல்லை." பயிற்சி தந்த மிஸ் இடமாற்றமாகிப் போனதும், அந்த இடத்துக்கு ஆள் வராததும் உங்களுக்குத் தெரிந்த கதை. மறு அறிவித்தல் எப்போது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு எட்டு வயது. வாய் ஓயாது, கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் வெள்ளைச் சேட்டுக்கு ஆறு தெறி. ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி என்றால் ஐந்தரைக்கே சேட்டும் கையுமாகக் கட்டிலில் இருப்பான். தெறி விரலுக்குள்ளிருந்து நழுவும். ஓட்டையைத் தேடித் தேடித் துணியைக் கசக்குவான். ஒருவழியாக ஒன்று பூட்டினால், அது அடுத்த ஓட்டைக்குள் போயிருக்கும். நான் கை வைத்தால் அழுகை. நான் தையல்காரி, தெறிகளைச் சும்மா மேலே தைத்துவிட்டு உள்ளே ஒட்டுப்பட்டி வைத்துக் கொடுத்தேன். இழுத்தால் 'டர்ர்' என்று சத்தம் வரும். ஒரே கிழமையில் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இடைவேளையில் வரிசையாக வந்து இழுத்துப் பார்த்தார்களாம்.

உங்கள் மிஸ் அவனைப் பந்தில் உருட்டி நேரம் போக்கவில்லை. "உனக்கு என்ன பழகவேணும்?" என்று அவனிடமே கேட்டார். "சேட்டு" என்றான். கண்ணுக்குத் தெரிகிற அடித் தெறியில் தொடங்கினார்கள். எப்படிச் செய்யப்போகிறான் என்று முதலில் வாயால் சொல்லவேண்டும், பிறகு செய்யவேண்டும், பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று அவனே சொல்லவேண்டும். பத்து வாரத்தில் கீழிருந்து நாலு தெறி வந்துவிட்டது. மேலே உள்ள இரண்டும் குனிந்தாலும் தெரியாது, விரலால் தடவித்தான் பூட்டவேண்டும். அவன் தெறி பூட்டப் பழகி முடிக்குமுன் நீங்கள் கதவைப் பூட்டிவிட்டீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் பயிற்சி வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

"வளர வளரச் சரியாகும்" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். மகனுக்கு இருப்பதற்கு வளர்ச்சி ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று பெயர், கைகால்களை நினைத்தபடி சேர்த்து இயக்கச் சிரமப்படுவார்கள். டிஸ்பிராக்ஸியா என்றும் சொல்வார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இருக்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். அவர்களில் பலருக்கு வளர்ந்த பிறகும் போவதில்லை. பிள்ளைக்கு எது தேவையோ அந்த வேலையையே பழக்கவேண்டும் என்று 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டலும் சொல்கிறது. மிஸ் செய்ததும் அதைத்தான்.

வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாளும் தந்தீர்கள். போட்டோக் கொப்பிக்குக் கொப்பி எடுத்த தாள், எழுத்து முழுக்க ஆங்கிலம். படத்தில் முகம் கறுத்துப்போன ஒரு பிள்ளை பெரிய பந்தின்மேல் குப்புறக் கிடக்கிறது. அந்தப் பந்து மூதூர்க் கடைகளில் இல்லை. தெறி பற்றி அதில் ஒரு வரி இல்லை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது 396 மீட்டர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று பெருமைப்பட்டோம். லாஞ்சுக்குக் காத்திருந்த காலம் போய், இப்போது பஸ்ஸிலேயே திருகோணமலைக்கு வருகிறோம், பூட்டிய கதவைப் பார்க்க. கட்டடம் திறக்கும்போது நாடா வெட்ட நம் ஊரில் ஆளுக்குக் குறைவே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கோ கத்தரிக்கோல் பிடிக்கவே இன்னும் பழக்கவேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு ஆளைத்தான் காணோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், குறை நினைக்கவேண்டாம். நிரந்தரமாக ஆள் வரும்வரை, வேறு இடத்திலிருந்து ஒருவரை வாரத்தில் ஒரு நாளுக்காவது அனுப்பித் தாருங்கள். எந்த நாள் என்றாலும் வருகிறோம், தையலை நான் இரவில் பார்த்துக்கொள்வேன். வாரத்தில் ஒரு நாள், ஐயா.

மறுபடியும் தாள் ஒட்டவேண்டி வந்தால், தயவுசெய்து முதல் நாளே ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் என் நம்பர் இருக்கிறது.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஒரு தாய்