வராதவர்களின் பட்டியல்

அன்புள்ள சார்,

உங்கள் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக் குழுவில் எனக்காக நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த இடம் வேண்டாம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். நான்கு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவதால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்தவை எதுவும் இதில் வராது, கவலை வேண்டாம்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம்தான். வந்தால், "உட்கார், இதைப் பார்" என்று யாருடைய எம்.ஆர்.ஐ.யையாவது கையில் திணிப்பீர்கள். நானும் பார்க்கத் தொடங்கிவிடுவேன். மன்னியுங்கள், அதனால்தான் கடிதம்.

ஆளைப் பார்த்த பிறகே படத்தைப் பார்க்க வேண்டும் என்று கற்றுத் தந்தவர் நீங்கள். முதலில் குதிகாலால் நடக்க வை, பிறகு நுனிக்காலால் நடக்க வை, அப்புறம்தான் ஸ்கேன். அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்பட்டு வந்தவர்களிடம் அந்த 2015ஆம் ஆண்டுக் கணக்கைச் சலிக்காமல் சொல்வீர்கள்: முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் இருபது வயதில் நூற்றுக்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்ந்திருக்கும், எண்பது வயதில் 96 பேருக்கு. அதே நீங்கள், சிறுநீர் போகவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போய்விட்டது என்று யாராவது சொன்னால், நரம்புகள் நசுங்கும் ஆபத்து என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவீர்கள். அந்த நிதானமும் அந்த ஓட்டமும் ஒருவரிடமே இருந்ததைப் பார்த்துத்தான் உங்களிடம் சேர்ந்தேன்.

அந்தப் பெண்மணியைப் பற்றி மட்டும் பேசியாக வேண்டும்.

நம் ஆய்வுக் கட்டுரைக்கான இரண்டாம் ஆண்டுப் பரிசோதனைக்கு வராதவர்களின் பட்டியலை என்னிடம் நீட்டி, "தன் முதுகு தனக்குத் தெரியாது. வராதவர்களைக் கூப்பிடு" என்றீர்கள். கூப்பிட்டேன். அவர்களில் ஒருவர்தான் அந்தப் பெண்மணி, முதுகெலும்பைத் திருகு போட்டு நீங்கள் இணைத்தவர். எலும்பு சேர்ந்துவிட்டது, திருகுகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. எக்ஸ்ரேயில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. முதுகு வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? "அரை மணி நேரம். அதற்கு மேல் எழுந்துவிட வேண்டும்." அதற்குரிய மதிப்பெண் மூன்றை வட்டமிட்டேன். எட்டாவது கேள்வி தாம்பத்தியம் பற்றியது, அதை இங்கே எழுத முடியாது. கூட்டிப் பார்த்தால், அறுவைச் சிகிச்சைக்கு முன்பிருந்த எண்ணேதான் ஏறக்குறைய வந்தது.

பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்: ஏன் வரவில்லை?

"டாக்டர் எவ்வளவு பாடுபட்டார்! வலி அப்படியே இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாவம்."

உங்களிடம் வந்து அப்படியே சொன்னேன். 'தொடர்பில் இல்லை' என்று எழுதிவிடலாமே என்று அறையில் ஒருவர் சொன்னார். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. "அதுதான் போனை எடுத்துவிட்டாரே" என்றீர்கள். அவர் படிவத்தின் எண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். கட்டுரையின் பளபளப்பு குறைந்தது, நீங்கள் பொருட்படுத்தவில்லை. அன்று உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

ஆனால் நீங்கள் அவரைக் கூப்பிடவில்லையே சார். அன்றும் இல்லை, பிறகும் இல்லை. எண் உங்களுக்கு வந்துவிட்டது, குரல் என்னிடம் தங்கிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு பட்டியல். என்னோடு சேர்ந்தவர்கள் திருகு போடப் பழகிக்கொண்டிருந்தபோது நான் போனில் அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுத நினைத்தேன். புகார்தான்.

இவ்வளவுக்கும், முதல்முறை நரம்பு வேர் என் கண்முன் வெள்ளையாகத் தெரிந்தபோது என் கைமேல் கை வைத்து, "இழுக்காதே, ஒதுக்கு" என்று மெதுவாகச் சொன்னவரும் நீங்கள்தான். அந்த அளவு மென்மை எங்கள்மேல் வேறு எங்குமே விழுந்ததில்லை.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, அறுவைச் சிகிச்சையை மற்ற சிகிச்சையோடு ஒப்பிட்ட ஸ்போர்ட் ஆய்வை, 2006இல் வந்ததை, எங்களுக்குப் பாடம் எடுத்தது நினைவிருக்கும். டிஸ்க் பிதுங்கியவர்களில் அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டோரில் இரண்டு ஆண்டுகளில் 60 சதவீதத்தினரே அதைச் செய்துகொண்டார்கள். அறுவைச் சிகிச்சை இல்லாத பிரிவில் போடப்பட்டோரிலும் 45 சதவீதத்தினர் செய்துகொண்டார்கள். "சீட்டுக் குலுக்கினாலும் மனிதன் வலி சொல்வதைத்தான் கேட்பான்" என்று சிரித்தீர்கள். நானும் நீங்கள் போட்ட பிரிவில் நிற்கவில்லை, அவ்வளவுதான். கத்தியை விட்டுவிடவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்தும் வலியோடு இருப்பவர்களை உட்கார வைத்துக் கேட்பதற்குத் தனி நேரம் தருகிற இடமாகப் பார்த்துப் போகிறேன். உங்களிடம் அதற்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. கேட்டபோது நீங்கள்தான் சொன்னீர்கள்.

புதிதாக வந்திருப்பவரிடம் பட்டியல்களை ஒப்படைத்துவிட்டேன். அந்தப் பெண்மணிக்கு அடுத்த மாதம் ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனை. அவருடைய தாளை மட்டும் எடுத்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன், போன் எண்ணோடு. நீங்களே கூப்பிடுங்கள். எட்டாவது கேள்வியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்