இலங்கைக்கு நாள் குறிக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் இலங்கைக்குப் போக வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் சொல்லிவைத்தாற்போல ஏப்ரல் இரண்டாம் வாரத்தைக் கேட்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்திருக்கும், சித்திரை விஷுவுக்கு விடுப்பும் சேர்ந்து வரும் என்பது அவர்கள் கணக்கு. நம் வீட்டுக் கணக்கு சரிதான். போகிற நாட்டின் விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வாரத்தை விட்டுவிடுவீர்கள்.

ஏப்ரல் 13, 14 இரண்டு நாளும் அங்கே புத்தாண்டு. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கொண்டாடும் பண்டிகை. கொழும்பில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதால், முந்தைய நாள்களில் பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்க இடம் இருக்காது. கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருவில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். பண்டிகை பிறந்ததும் அதே தெருவில் கதவுகள் மூடிக் கிடக்கும். பழைய ஆண்டு முடிந்து புது ஆண்டு பிறக்கும் புண்ணிய காலத்தில் அடுப்புக்கூட மூட்ட மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டி, நல்ல நேரம் பார்த்து முதல் சோறு உண்டு, நல்ல நேரம் பார்த்தே வேலைக்குத் திரும்புவார்கள். பல கடைகள் திறக்க அந்த வாரம் முழுவதும் ஆகும். கார் ஓட்டுநரும் மனிதர்தானே, அவருக்கும் வீடு உண்டு. கொழும்புதான் ஓய்ந்து கிடக்கிறது என்று மலையூரான நுவரெலியாவுக்கு ஏறினால், உள்நாட்டுக் கூட்டம் மொத்தமும் ஏப்ரலில் அங்கேதான் இருக்கும். அறை வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஒரு வாரம் பொறுத்துக் கிளம்பினால் அதே பணத்தில் நிம்மதியாகச் சுற்றி வரலாம்.

அடுத்தது போயா. பௌர்ணமி நாளுக்கு அங்கே அந்தப் பெயர். ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை, ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று. வங்கியும் அலுவலகமும் இயங்காது, மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் அடைத்திருக்கும். சுற்றிப் பார்க்கும் பயணிக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. சிகிரியா பாறைக்கோட்டை போன்ற இடங்கள் திறந்தே இருக்கும். பணம் மாற்ற வேண்டியிருந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள். புத்தரின் பல்லை வைத்து வணங்கும் கண்டி தலதா மாளிகைக்கு மட்டும் போயா அன்று போவதானால், வெள்ளை உடுத்த குடும்பங்களுக்கு நடுவே நெடுநேரம் வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். நம் வீட்டு நாள்காட்டியின் பௌர்ணமிக்கும் அவர்களுடைய போயாவுக்கும் சில மாதங்களில் ஒரு நாள் வேறுபடும் என்பதால், இலங்கை அரசின் பட்டியலையே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவனொளிபாதமலை ஏற விரும்புகிறவர்களுக்கு டிசம்பர் போயா முதல் மே மாதத்து வெசாக் போயா வரை பருவம். அதிலும் போயாவையும் சனி, ஞாயிற்றையும் தவிர்த்து வாரநாளில் ஏறினால் படியில் நிற்காமல் நடக்கலாம்.

எல்லா விடுமுறைக்கும் ஒதுங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வெசாக் போயாவுக்கு அவசியம் போங்கள். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் அந்தப் பௌர்ணமியில் என்று நினைவுகூர்ந்து, மறுநாளையும் சேர்த்து இரண்டு நாள் விடுமுறை விடுகிறார்கள். மூங்கில் சிம்பில் மெல்லிய தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த வெசாக் கூடுகள் வீட்டுக்கு வீடு தொங்கும். பெரிய சந்திகளில் புத்தரின் முற்பிறவிக் கதைகளை வண்ண விளக்குகளில் காட்டும் பந்தல்கள் உயர்ந்து நிற்கும். எங்களுக்கு அதைவிடப் பிடித்தது தன்சல். இளைஞர்கள் சாலையில் கொடி பிடித்து நின்று வண்டிகளை மறிப்பார்கள். பயந்துவிடாதீர்கள், சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு தன்சலில் சோறு, இன்னொன்றில் ஐஸ்கிரீம், வேறொன்றில் நம் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தேங்காய்ச் சம்பலுடன் இலையில் வைத்துத் தருவார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஊர், மதம் எதுவும் கேட்க மாட்டார்கள். மேற்குக் கரையில் அப்போது மழை தொடங்கும் காலம், குடை மறக்க வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் கண்டி எசல பெரஹரா என்னும் ஊர்வலத் திருவிழாவும் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் திருவிழாவும் ஒட்டி வருகின்றன. நல்லூரில் 25 நாள் விழா. புலம்பெயர்ந்த தமிழர்கள் உலகெங்கிலும் இருந்து வருவதால் தேர் நாளை ஒட்டி அறை கிடைப்பது மிகக் கடினம். கண்டியில் ஊர்வலப் பாதைகளைப் பல மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். இந்த இரண்டில் எதற்குப் போவதானாலும் ஆறு மாதம் முன்பே எங்களிடம் சொல்லுங்கள்.

பட்டியலில் இல்லாத கூட்டமும் உண்டு. டிசம்பர் 3 அன்று அலுவலக வேலையாக நாகர்கோவில் வரும் வெளியூர்க்காரருக்கு, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நம் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை என்பது எப்படித் தெரியும்? அதுபோலத்தான் இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலும். ஆகஸ்ட் 15 அங்கே அரசு விடுமுறை இல்லை. ஆனால் அன்று மாதாவின் பெருவிழா. முந்தைய நாள்களிலேயே காட்டுக்குள் கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு தங்கிவிடுவார்கள். நமக்குச் சுதந்திர தின விடுமுறை என்பதால் கடற்கரை ஊர்களிலிருந்து பலர் அந்தத் தேதியை விரும்பிக் கேட்கிறீர்கள். திருவிழா பார்க்க என்றால் மகிழ்ச்சியோடு ஏற்பாடு செய்கிறோம். வயதான அம்மாவை அழைத்துப்போய் அமைதியாக ஜெபிக்க என்றால், தயவுசெய்து வேறு வாரம் எடுங்கள்.

டிக்கெட் போடக் கடைக்கு வரும்போது ஒரே தேதியோடு வராமல், இரண்டு மூன்று தேதிகளோடு வாருங்கள். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கும் நாள்களையும் இலங்கை விடுமுறைப் பட்டியலையும் சேர்த்து மேசைமேல் வைத்திருக்கிறோம். உங்கள் தேதிகளை அதில் பொருத்திப் பார்த்த பிறகே முன்பணம் வாங்குவோம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டு நிலையத்தார்,
நாகர்கோவில்