ரினியூவல் நோட்டீஸை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,
ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஹைதராபாத்.

ஐயா, வணக்கம்.

எங்கள் வீட்டு மெடிக்ளெய்ம் பாலிசி டிசம்பர் நடுவில் முடிகிறது. நவம்பர் நடுவில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த வருடப் பிரீமியம் 46,900 ரூபாய், கட்டுவதற்கு இங்கே அழுத்தவும். அவ்வளவுதான். போன வருடம் பிரீமியம் 38,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. 6,840, ஆக 44,840 கட்டினேன். கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கை தானாகப் பேனாவைத் தேடியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று அறிவித்தபோது காலை நடைக்கு வரும் கிழவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வரி போய்விட்டது, ஆனால் கட்ட வேண்டிய தொகை கூடியிருக்கிறது. வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஏற்றம் 23 சதவீதத்துக்கு மேல்.

மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் உங்களிடம் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று நீங்கள்தானே உத்தரவு போட்டீர்கள்? கிளை அலுவலகத்துக்குப் போய் அதைக் கேட்டேன். "சார், அது ரேட்டை ஏத்தினாத்தான். உங்களுக்கு ரேட் ஏறலை, வயசுதான் ஏறியிருக்கு" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. 70 முடிந்து, பிரீமியம் கணக்கிடும் அடுத்த வயது வரம்புக்கு, அதாவது அடுத்த ஸ்லாபுக்குப் போய்விட்டேனாம். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் என் பிறந்த தேதி பல வருடங்களாக அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எனக்கு 71 எப்போது தொடங்கும் என்பது அவர்களுக்கு நவம்பரில்தான் தெரிந்ததா?

சரி, வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். போர்ட்டபிலிட்டி என்று அதற்கு வழியும் வைத்திருக்கிறீர்கள், நல்ல ஏற்பாடுதான். என் பாலிசிப் புத்தகத்தில் அதைப் பற்றி அச்சிட்டிருப்பது இது: மாற விரும்புகிறவர் ரினியூவல் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், 60 நாளுக்கு முன்பு விண்ணப்பிக்கவும் கூடாது. நடுவில் இருப்பது பதினைந்தே நாள். புதுப் பிரீமியம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வருவதோ 30 நாள் இருக்கும்போது. முகூர்த்தம் முடிந்த பிறகு பத்திரிகை வைப்பது போல இருக்கிறது இது.

தாமதமாக வந்தாலும் பார்க்கலாம், அது எங்கள் விருப்பம் என்று இன்னொரு கம்பெனியில் சொன்னார்கள். எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, என் மனைவிக்குச் சர்க்கரை. எங்கள் விஷயத்தில் அந்த 'விருப்பம்' எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்க மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 71 வயதுக்காரனிடம் மூன்று வருடம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். புதிய பிரீமியத்தோடும், மாறியிருக்கும் நிபந்தனைகளோடும் ரினியூவல் நோட்டீஸ் 90 நாள் முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும்.

ஏன் 90 நாள் என்று கேட்பீர்கள். பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என்னவென்று சொல்கிறேன். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பாலிசியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000. ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் அறைதான் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். கூடுதல் 3,000-ஐ மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அந்த வகையில் 1,00,000 ரூபாய் பில் வந்தால் 62,500-தான் கணக்கில் சேரும். அப்புறம் மூத்த குடிமக்களுக்கென்றே 20 சதவீத கோ-பே, அதாவது நாமே கையிலிருந்து போட வேண்டிய பங்கு. அது போக மிச்சம் 50,000. பாதி! இது மூன்று வேறு பக்கங்களில், மூன்று வேறு தலைப்புகளின் கீழ் இருந்தது. கணக்கெழுதியே காலம் தள்ளிய எனக்கே ஒரு முழு மத்தியானம் பிடித்தது. கண்ணில் புரை வளரும் ஒருவர் தனியாக இருந்து இதை எப்படிப் படிப்பார்? பாலிசி விவரத் தாளை உள்ளூர் மொழியில் கேட்டால் தர வேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் உங்கள் விதி இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். ஆப்பில் இங்கிலீஷ்தான் வரும் என்றார்கள்.

70 கடந்தவர்களுக்கு மத்திய அரசின் வய வந்தனா அட்டை இருக்கிறதே என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம், வருடத்துக்கு 5 லட்சம் வரை இலவச சிகிச்சை, நல்ல விஷயம். என் மனைவிக்கு 68.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். தலை நரைத்த கணவனும் மனைவியும் கடற்கரையில் ஓடுகிறார்கள், சிரிக்கிறார்கள், பேரன் கைதட்டுகிறான். அவர்களுக்கு ஸ்டென்ட் இருப்பதாகத் தெரியவில்லை. 65-க்கு மேலும் பாலிசி விற்கலாம் என்று 2024-ல் நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள், அதற்கு நன்றி. உள்ளே நுழையும் விலையைக் கம்பெனிகள் பார்த்துக்கொண்டன. ஒன்றுக்கும் உதவாத 'அங்கிள், புது ஆஃபர்' போன் மட்டும் வருடம் முழுக்க வருகிறது. அதே போனில் செப்டம்பர் மாதமே, 'அங்கிள், டிசம்பரில் உங்கள் பிரீமியம் 46,900' என்று ஒரு வரி சொல்ல முடியாதா?

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். பிரீமியத்தை ஏற்றவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு ஏறுகிறது, கிழவர்கள் அதிகம் படுக்கிறோம், இதெல்லாம் எனக்கும் தெரியும். ஏற்றத்தை முன்பே சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன். வயது ஸ்லாப் மாறுவதால் வரும் ஏற்றம் 10 சதவீதக் கணக்கில் சேருமா சேராதா என்பதை நீங்களே எழுத்தில் தெளிவுபடுத்தினால், கவுன்டர் தம்பிகளுக்கும் உதவியாக இருக்கும்.

46,900-ஐக் கட்டிவிட்டேன், வேறு வழியில்லை. அடுத்த டிசம்பர் ரினியூவலுக்கு 90 நாள் என்றால் செப்டம்பர் நடுவில் நோட்டீஸ் வர வேண்டும். அதற்கு முன்பாக ஒரு பக்கச் சுற்றறிக்கை வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த பாலிசிதாரர் ஒருவர்,
கோயம்புத்தூர்.