பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புமுன், அந்த 15 நாள்

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் உள்ள குழந்தைகள் நலக் குழுக்களுக்கும், மாவட்டக் குழந்தை பாதுகாப்பு அலகுகளுக்கும்,

வணக்கம்.

மே மாதக் கடைசியில் உங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் தாய்மார்கள் காத்திருப்பார்கள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் மாற்றுச் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் பை. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், குடிக்கும் கணவரோடு மல்லுக்கட்டுபவர். "இல்லத்துல சேத்துக்கங்க சார்" என்று கேட்கும் யாரும் பெற்ற பிள்ளை வேண்டாம் என்று வரவில்லை. மூன்று வேளைச் சோறு, நோட்டுப் புத்தகம், தான் வேலைக்குப் போகும் நேரத்தில் வயதுக்கு வந்த மகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. பல நேரம் நாம் கொடுப்பது குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கும் ஓர் ஆணை.

நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 3ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகளில் இருக்கிறது. ஆகவே சட்டத்தில் குறை இல்லை. குறை, அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சமூக விசாரணைக்கு, அதாவது பிள்ளையின் வீட்டு நிலையை அறிந்து அறிக்கை எழுதுவதற்கு, தரும் 15 நாளை நாம் செலவழிக்கும் விதத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த 15 நாள் வீணாகும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காலை 11 மணிக்கு அலுவலக வண்டி தெருவில் நிற்கும். கூலி வேலைக்குப் போகிறவர் வீடு அந்நேரம் பூட்டியிருக்கும். எதிர்வீட்டாரிடம் நாலு கேள்வி. "பொருளாதார நிலை: மோசம். தந்தை: குடிப்பழக்கம். பரிந்துரை: இல்லத்தில் சேர்க்கலாம்." அறிக்கை முடிந்தது. அந்தக் குடும்பத்துக்கு என்ன குறைகிறது, அதைத் தர யார் இருக்கிறார்கள் என்ற இரண்டும் அதில் இருக்காது. தெருவில் விசாரித்ததால் வந்த தலைகுனிவு மட்டும் அந்த வீட்டில் தங்கிவிடும்.

வீட்டுக்கு இரண்டு முறையாவது போக வேண்டும். ஒன்று மாலை ஆறரைக்கு மேல், மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து போங்கள். முதல் 20 நிமிடம் படிவத்தை எடுக்க வேண்டாம். "உங்க வீட்ல என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால் வருவது ஒப்பிக்கும் பதில். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் சொல்லுங்க" என்று கேட்டால் முழு வீடும் வெளியே வரும்: யார் தண்ணீர் பிடித்தார், பிள்ளை எதைச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனது, அப்பா எத்தனை மணிக்கு வந்தார், யார் எங்கே படுத்தார்கள். அடுத்து, அவர் குடிக்காத நாள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அப்படி ஒரு நாள் இருந்தால் அன்றைக்கு என்ன வேறாக இருந்தது என்பதில்தான் நம் வேலைக்குப் பிடிமானம் கிடைக்கும். தாயிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாக, மற்றவர் காதுக்கு எட்டாத இடத்தில் பேச வேண்டும். தந்தையை எதிரே வைத்துக்கொண்டு "அப்பா அடிப்பாரா?" என்று பிள்ளையிடம் கேட்பது, அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு அடி வாங்கித் தருவதற்குச் சமம்.

உறவு வரைபடத்தை மூன்று தலைமுறைக்குப் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு அதன் மேல் பெருக்கல் குறி, கல்லூரியில் படித்ததுதான். ஆனால் "சொந்தக்காரங்க யாராவது உதவி பண்ணுவாங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்றே பதில் வரும். காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைத்தீர்கள், சடங்குக்குச் சீர் கொண்டுவந்தது யார், போன பொங்கலுக்கு யார் வீட்டுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். தாய்மாமன், சித்தி, அம்மாச்சி என்று ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் மாலை 4 மணி முதல் 8 மணிவரை பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டால், பல வழக்குகளில் இல்லம் என்ற பேச்சே எழாது.

அடுத்தது பணம். ஒன்றிய அரசின் குழந்தை பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் ₹4,000. குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் ₹72,000, மற்ற இடங்களில் ₹96,000. இந்தப் பணம் சேராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம்தான். குடும்ப அட்டை கணவர் பெயரில் இருக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார். இறப்புச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது. கைவிடப்பட்ட பெண்ணுக்கான மாத ஓய்வூதியத்துக்கு ஐந்தாண்டுப் பிரிவைக் காட்டவேண்டி வரும். நேற்று கைவிடப்பட்டவருக்கு அது இன்று பயன்படாது. கணவர் உயிரோடு வீட்டில் இருக்கிறார் என்பதற்காகவே நிதி ஆதரவு விண்ணப்பத்தைத் திருப்புகிறார்கள். நிதியாலும் உடலாலும் பிள்ளையைப் பராமரிக்க முடியாத பெற்றோர் என்ற வகையும் நெறிமுறையில் இருக்கிறது. குடிநோயோ கல்லீரல் நோயோ இருந்தால் மருத்துவக் குறிப்போடு அந்த வகையில் எழுதுங்கள்.

"சான்றிதழ் எல்லாம் எடுத்துட்டு வாம்மா" என்று அனுப்பினால் அவர் திரும்பி வர மாட்டார். ஒவ்வொரு சான்றும் அவருக்கு ஒரு நாள் கூலி. புறத்தொடர்புப் பணியாளர் ஒரே நாளில் இ-சேவை மையம், வங்கி இரண்டுக்கும் கூடவே போய் வருவதுதான் வேலை. பள்ளிக்கூடம் தொலைவு என்பது மட்டுமே சிக்கல் என்றால் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான அரசு விடுதியே போதும். அந்தப் பிள்ளைக்குக் குழந்தைகள் இல்லத்தின் முத்திரை வேண்டாம்.

கடனைப் பற்றியும் கேளுங்கள், விசாரணை அறிக்கைகளில் அதிகம் விடுபடுவது இதுதான். எத்தனை குழு லோன், எந்தக் கிழமை தவணை, கந்துவட்டி உண்டா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிள்ளை பள்ளிக்கு வராத நாளும் தவணை நாளும் ஒன்றாக இருப்பது கண்ணில் படும். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிகளின்படி நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைத்து நச்சரிக்கக் கூடாது. இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லி, புகார் எழுதவும் உதவுங்கள். கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

குடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே நம் நல்லெண்ணமே ஆளைக் கொல்லக்கூடும். "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்வது பல அலுவலகங்களில் வழக்கம். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் மனம் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலை வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. ஆகவே நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நடக்க வேண்டும். கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மாத்திரையை மனைவியிடம் யாராவது கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி குடிக்கக்கூடும். அது நடந்தால் யாருக்குத் தொலைபேச வேண்டும், பிள்ளைகள் அன்றிரவு யார் வீட்டில் படுப்பார்கள், சனிக்கிழமைக் கூலியை யார் கையில் கொடுப்பது என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

உறவினரைக் கூட்டிப் பேசும் முறைக்கு நியூசிலாந்தில் 1989இல் சட்ட வடிவமே கிடைத்தது. மாவோரி மக்கள் தங்கள் பிள்ளைகளை அரசு எடுத்துப்போவதை எதிர்த்துக் கேட்டதன் விளைவு அது. அதன் உயிர் ஓர் இடத்தில் இருக்கிறது: தகவலைச் சொல்லி முடித்ததும் பணியாளர் வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாகப் பேசி முடிவெடுக்கும். நாம் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் நம் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் எதுவும் நடக்காது. கூட்டத்தை அலுவலகத்தில் வைக்காமல் அங்கன்வாடியிலோ பள்ளி வகுப்பறையிலோ வையுங்கள். சாப்பாட்டோடு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர்ப் பெரியவரும் கட்சிக்காரரும் வேண்டாம். அவர்கள் வந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். முடிவில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாள் எழுதப்பட வேண்டும்.

மனைவியை அடிக்கிற கணவரை இப்படிப்பட்ட கூட்டத்தில் உட்கார வைக்கவே கூடாது. கணவன் மனைவியைச் சேர்த்துவைத்து ஆற்றுப்படுத்துவதும் வேண்டாம். அவள் அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் விலை கொடுப்பாள். அவள் பிரிந்துபோக முடிவெடுக்கும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. "சமாதானம் பேசி அனுப்பினோம்" என்று கோப்பை மூடாதீர்கள். பெண்கள் உதவி எண் 181, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சகி மையம், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப வன்முறை அறிக்கை என்ற வழி இருக்கிறது. பாலியல் கொடுமை என்ற ஐயம் எழுந்தாலே பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் கட்டாயம். அதை உறவினர் பேசி முடிக்க இடமே இல்லை. அன்றிரவே பிள்ளைக்கு ஆபத்து என்றால் உடனே எடுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்துங்கள். அதில் தயங்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

உங்களிடம் ஆள் குறைவு என்பது தெரியும். மாவட்டத்துக்கு இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர் என்ற அளவில் இரண்டு முறை வீட்டுக்குப் போவது கடினம்தான். எல்லா வழக்குக்கும் முடியாவிட்டால், பெற்றோரே பிள்ளையைக் கூட்டிவரும் வழக்குகளுக்கு மட்டுமாவது செய்யுங்கள்.

குழுக்களின் தலைவர்களையும் உறுப்பினர்களையும் நாங்கள் கேட்பது இதுதான். வறுமையே காரணமாக உள்ள எந்த வழக்கிலும், நிதி ஆதரவுக்கு விண்ணப்பித்த தேதியும், பேசிப் பார்த்த மூன்று உறவினர் யார் என்பதும் அறிக்கையில் இல்லாவிட்டால் சேர்க்கை ஆணையில் கையெழுத்திடாதீர்கள். அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் தாயோ தந்தையோ உள்ளவர்களின் கோப்புகளையும் இதே கேள்விகளோடு மறுபடி எடுங்கள். வீடு திரும்பும் பிள்ளையை 15ஆம் நாள், 30ஆம் நாள், 90ஆம் நாள் போய்ப் பாருங்கள். முதல் மாதப் பணம் கணக்கில் ஏறியதா என்று முதல் முறையே பார்த்துவிடுங்கள். அது வராத வீட்டிலிருந்துதான் பிள்ளை மறுபடி உங்கள் தாழ்வாரத்துக்கு வரும். பள்ளி திறப்பதற்கு ஆறு வாரம் முன்பே, ஏப்ரல் நடுவிலேயே, கிராமக் குழந்தை பாதுகாப்புக் குழுக்கள் வழியாக நிதி ஆதரவு விண்ணப்பங்களை வாங்கத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
குடும்பங்களோடு களத்தில் வேலை செய்யும் சமூகப் பணியாளர்கள்