தொண்டையில் அடைத்துக்கொண்டால்: பகல்நேரக் காப்பகப் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு

வணக்கம். பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். அந்த இருமல்தான் பொருளை வெளியே தள்ளும். சத்தமே வராமல் வாய் திறந்தபடி முழித்தால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே கை வைக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

ஒரு வயதுக்குள்: முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தாடையை விரல்களால் தாங்குங்கள் (கழுத்தைப் பிடிக்காதீர்கள்). இரு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் காயப்படும்.

ஒரு வயதுக்கு மேல்: முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டி வைத்து உள்ளும் மேலுமாக 5 இழுப்பு.

நினைவு தப்பினால் தரையில் கிடத்தி, 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு. ஒவ்வொரு முறை மூச்சு கொடுக்குமுன்னும் வாய்க்குள் பாருங்கள். தெரிந்தால் மட்டும் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். தண்ணீர், வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் வேண்டாம்.

பொருள் வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பாதி நிலக்கடலை மூச்சுக்குழாயில் தங்கி, நாலு நாள் கழித்து இளைப்பாக வெளிப்படலாம். சளி என்று விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது.

ஐந்து வயதுவரை முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை கிடையாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். வட்டமாக நறுக்கினால் அப்படியே மூடிபோல் அடைக்கும். சீத்தாப்பழக் கொட்டை, பல்லாங்குழிப் புளியங்கொட்டை இரண்டும் கைக்கெட்டாமல் இருக்கட்டும்.