பணமில்லாத நாளைய சமூகம்: ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பணம் வழக்கொழிந்துபோன ஒரு வருங்காலச் சமூகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை ஊன்றிப் படித்தேன். அவரவர் இயன்ற வேலையைச் செய்து, பொதுக் களஞ்சியத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் அந்த உலகம் எனக்கும் பிடித்திருக்கிறது. கையில் காசில்லாத காரணத்தால் ஒருவர் மருத்துவமனை வாசலோடு திரும்பிப் போகும் நிலை ஒழிய வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் ஒரு கேள்வியை உங்கள் கட்டுரை எந்த இடத்திலும் கேட்கவில்லை. அந்தச் சமூகத்தில் தனக்கு இடப்பட்ட வேலையை ஒருவர் மறுத்தால், அல்லது அந்த ஊரைவிட்டே போக நினைத்தால், மறுநாள் அவருக்குச் சோறு யார் போடுவார்கள்?

பணம் நுழையும்வரை நம் கிராமங்கள் பகிர்ந்துண்டு வாழ்ந்தன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. கீழத்தஞ்சையின் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலும் களமும் மிராசுதாரருடையவை. குடியிருந்த மனைக்கட்டும் அவருடையதே. கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி, அடுத்த பண்ணைக்குப் போக விடாமல் குடும்பத்தையே கட்டிப்போட்டது. அங்கே காசு அரிதாக இருந்தது, கடனுக்குக் குறைவில்லை. துணி வெளுத்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் பறையடித்தவருக்கும் களத்து நெல்லும் வீட்டுச் சோறும் கிடைத்தன என்பது உண்மைதான். ஆனால் இன்ன சாதியில் பிறந்தவர் இன்ன வேலையைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டளையும் அந்த நெல்லோடு சேர்ந்தே அளக்கப்பட்டது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்த தகராறு, அவர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததையும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதையும் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ரயிலேறி நகரத்துக்குப் போனவருக்கு, மாதக் கடைசியில் கையில் விழுந்த சம்பளம் மிகப் பெரிய விஷயம். அந்த நோட்டு அவருடைய சாதியைக் கேட்காமல் கடையில் செல்லுபடியானது. அதை மடியில் முடிந்துகொண்டு அவர் வேறு முதலாளியிடம் போக முடிந்தது. பணத்தின் கொடுமைகளை எவ்வளவு பட்டியலிட்டாலும், இந்த ஒரு நன்மையை ஈடுசெய்யாமல் அதை ஒழிக்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஈடுசெய்யாமல் ஒழித்த நாடு ஒன்று இருக்கிறது, கம்போடியா. 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி, சில நாட்களிலேயே நகர மக்களை வயல்வெளிக்கு விரட்டியது, பணத்தைச் செல்லாததாக்கியது, மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. புழக்கத்துக்கு விடுவதற்காக அச்சிட்டு வைத்திருந்த புதிய நோட்டுகளையும் வெளியே விடவில்லை. சந்தை மூடப்பட்டது, பின்னர் வீட்டில் உலை வைப்பதும் தடுக்கப்பட்டு, பொதுக் கூடத்தில் ஊற்றும் கஞ்சி மட்டுமே உணவாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனை சாவுக்கும் பண ஒழிப்பே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது கொலைகார ஆட்சி. ஆனால் உணவு கிடைக்க ஒரே ஒரு அகப்பை மட்டும் இருந்து, அதுவும் மேற்பார்வையாளர் கையில் இருந்தபோது, மறுத்துப் பேச எவராலும் முடியாமல் போனது. மக்கள் இரகசியமாக அரிசியையும் தங்கத்தையும் மாற்றிக்கொண்டு உயிர் பிழைக்க முயன்றார்கள். 1980இல் புதிய அரசு ரியெல் நாணயத்தை மீண்டும் கொண்டுவந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் நீங்கள் குறிப்பிட்ட கிபுட்ஸ் குடியிருப்புகள், அதாவது இன்றைய இஸ்ரேலில் உழைப்பையும் உடைமையையும் பொதுவாக்கி வாழ்ந்த யூதக் கூட்டுப் பண்ணைகள். கலிலேயா ஏரிக்கரையில் 1910இல் தொடங்கிய தெகானியாவில் கூலி என்று எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கூடமும் சலவையும் எல்லோருக்கும் பொது. சமையலறை வேலையை முறைவைத்துச் செய்தார்கள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விரும்பியவர் வெளியேறலாம் என்பதும் அப்படியே, பல ஆண்டு உழைத்தவர்கூடக் கையில் பெரிதாக எதுவுமின்றியே போக நேர்ந்தபோதிலும். பின்னாளில் கூலிக்கு வெளியாட்களை அமர்த்தினார்கள். 1980களின் கடன் நெருக்கடியில் பல குடியிருப்புகள் தடுமாறின. தெகானியாவும் 2007இல் வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறிவிட்டது. 1948இல் துரத்தப்பட்ட பாலஸ்தீனர்களின் நிலத்தில் அமைந்த கிபுட்ஸ்கள் பல என்பதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். நமக்கு அருகில் ஆரோவில்லில், உள்ளே வசிப்போர் நோட்டைக் கைமாற்றாமல் கணக்கு எண் வழியே கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து அங்கே வேலைக்கு வருபவர்கள் சம்பளத்துக்குத்தான் உழைக்கிறார்கள்.

அப்படியானால் பணத்தின் இடத்தில் எதை வைப்பது? விடையின் ஒரு துண்டு நம் ரேஷன் கடையிலேயே இருப்பதாக நினைக்கிறேன். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்குப் பிறகு, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்ற புலம்பலைக் கேட்காத ஊர் இல்லை. அந்தப் புலம்பலை நான் மகிழ்ச்சியோடு கேட்கிறேன். வீட்டில் அரிசி இருப்பதால் ஒரு பெண், சொன்ன கூலிக்கு வர முடியாது என்று சொல்ல முடிகிறது. எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாம் என்று அட்டைக்கு வந்த வசதியும் இதே திசையில் வைத்த அடிதான். உங்கள் களஞ்சியமும் இப்படி, வேலை செய்தாரா என்று கேட்காமல், எந்த ஊர்க்காரருக்கும் திறக்க வேண்டும்.

அடுத்தது, எவரும் விரும்பாத வேலை. இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். கையால் மலம் அள்ளுவதை 2013இன் சட்டம் தடைசெய்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மனிதர்கள் சாகிறார்கள். இயந்திரம் பழுதாகும் நாளில் யார் இறங்குவது என்பதை உங்கள் சமூகம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கவசத்தோடு முறைவைத்து இறங்குவோர் பட்டியலில் களஞ்சியக் கணக்கை எழுதுபவரின் பெயரும் இருக்க வேண்டும்.

ஆகவே, கட்டுரையின் மூன்றாம் பகுதியை மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரில் பிறந்து, தனக்கு ஒதுக்கிய வேலை பிடிக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியேறும் ஒரு பெண்ணை அதில் கொண்டுவாருங்கள். முதல் இரவு அவள் எங்கே தங்குகிறாள், எதைச் சாப்பிடுகிறாள், போன ஊரில் அவளிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். திருத்திய பிரதி வந்ததும் அந்தப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்