விமானம் ஏறும் வரை ரோஜாவுக்குக் குளிர் குறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்ததை மகிழ்ச்சியுடன் வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால், பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் வேறு புதிய விமான நிலையம் வரக் கூடாது என்ற ஒப்பந்தக் கட்டுப்பாடு 2033 வரை இருக்கும் நிலையில், இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் ரோஜா வெளிநாட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் அரசு யோசிக்க வேண்டும்.

ஓசூரை ஒட்டிய பாகலூர், பேரிகை, தளி பகுதிகளில் காதலர் தினமான பிப்ரவரி 14-ஐக் கணக்கில் வைத்து டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுகிறோம். மொட்டாக வெட்டிய பூவைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி, 2 முதல் 4 டிகிரி வரையுள்ள குளிர் அறையில் வைத்து, தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வரை எல்லாம் எங்கள் பொறுப்பில் நடக்கிறது. வண்டி ஏறிய பிறகே சிக்கல். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான். என்றாலும் பெங்களூரு நகரைக் கடந்தாக வேண்டியிருப்பதால், இரண்டு மணி நேரம் ஆகுமா, நான்கு மணி நேரம் ஆகுமா என்று ஓட்டுநராலும் சொல்ல முடிவதில்லை. 2008 வரை விமான நிலையம் நகரின் இந்தப் பக்கத்தில் இருந்தபோது இவ்வளவு அவதி இல்லை.

கடந்த பிப்ரவரியில் குளிர்சாதன வண்டி கிடைக்காமல், தார்ப்பாய் போர்த்திய வண்டியில் ஆறு பெட்டிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். சரக்கு ஏற்கும் நேரம் முடிந்து நாற்பது நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்ததால், அடுத்த விமானம் வரை அவை வெளியிலேயே கிடந்தன. வாங்கியவர் அனுப்பிய படத்தில் பூக்களின் கழுத்து தொங்கி, வெளி இதழ்களில் சாம்பல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. குளிர்ந்த பூவின் மேல் வெப்பக் காற்று பட்டால் இதழ் வியர்க்கும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். பூவுக்கு ஒரு பைசா வரவில்லை. விமானக் கட்டணத்தை மட்டும் முழுதாகக் கட்டியிருந்தேன். அதுவும் பெட்டியின் நீள, அகல, உயரத்தைப் சென்டிமீட்டரில் பெருக்கி, 6,000-ஆல் வகுத்து வருவதையே கிலோ எடையாகக் கொள்ளும் கணக்கில், உள்ளிருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கட்டியது.

பெரிய பண்ணைகளுக்குச் சொந்த வண்டி இருக்கிறது. ஓரிரு ஏக்கரில் பசுமைக்குடில் போட்டிருக்கும் எங்களுக்கோ, ஐந்தாறு பெட்டிக்காகக் குளிர்சாதன வண்டியைத் தனியாக வாடகைக்கு எடுப்பது கட்டுப்படியாகாது. ஆகவே பாகலூரில் ஒரு பொதுக் குளிர்பதனக் கிடங்கு அமைத்து, மாலைக்குள் பெட்டிகளைச் சேர்த்து, இரவில் மாலூர், ஹொசகோட்டை வழியாக ஒரே குளிர்சாதன வண்டியில் அனுப்ப ஏற்பாடு வேண்டும். வண்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் கருவியும் இருந்தால், குளிர் எந்த இடத்தில் விட்டுப்போனது என்பது தெரிந்துவிடும்; இழப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் கட்ட முடியாது. டாபஸ்பேட்டையிலிருந்து தேவனஹள்ளி வழியாக ஹொசகோட்டை வரை 2024-இல் திறக்கப்பட்ட சுற்றுச் சாலையின் ஓசூர் பக்கத்துப் பணிகளையும் விரைந்து முடிக்க வேண்டும்.

டிசம்பரில் கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்கும்போதே, எந்தெந்த இரவில் எத்தனை மணிக்கு வண்டி புறப்படும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான கலந்தாய்வுக் கூட்டத்தை மாவட்ட நிர்வாகமும் தோட்டக்கலைத் துறையும் நவம்பருக்குள் கூட்டுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரோஜா விவசாயி,
பாகலூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.